ஒரு இஞ்சு குறைந்த கை

“எடுத்துடுன்னு சொல்றேன்ல, இன்னிக்கே—”

“எடுக்க மாட்டேன். உங்களுக்கென்ன, போன்ல சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு—”

“—ஒருத்தர்கிட்டயும் சொல்லாம அளவுல கை வச்சிருக்க—”

“—திருட்டுக் காப்பிக்குத்தானே வச்சேன், உங்களுக்கா வச்சேன்?”

சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவளும் மடிக்கணினியும். மறுபக்கம் அவள் கணவனும் ஆடை கட்டிப்போன தேநீரும். பல் தேய்க்கும்போது ஆரம்பித்தது, பத்து மணியாகியும் ஓயவில்லை.

இருந்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் செய்த செயலி அது. தையல்காரர்களுக்கானது. உடம்பளவைப் போட்டால், துணியில் எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டும். ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் ஆயுசுக்கும் போதும். முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு எந்த மகராசனோ பூட்டை உடைத்தான். செல்போன் கடைகளில் திரைக்குக் கண்ணாடி ஒட்ட வருகிறவர்களுக்கெல்லாம் ‘இதையும் போட்டுத் தரட்டுமா’ என்று ஏற்றிவிட ஆரம்பித்தார்கள். போன மாதம் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் முந்நூறுக்கு மேல். வாங்கியவர்கள் பதினொரு பேர். வருடக் கடைசிக்குள் இது நிமிராவிட்டால் பழைய அலுவலகத்துக்கே போய், அந்தப் பழைய மேலாளர் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

பூட்டுப் போடாமலும் இல்லை. திறக்கும்போதெல்லாம் இணையத்தில் கேட்டு, வாங்கியவர்தானா என்று சரிபார்க்கும்படி வைத்திருந்தாள். திருடர்கள் அதை இரண்டே நாளில் கழற்றி எறிந்தார்கள். மாட்டிக்கொண்டதெல்லாம் காசு கொடுத்தவர்கள். சிக்னல் கிடைக்காத பின்கட்டு அறையில் கத்தரிக்கோலும் கையுமாக நின்று அவர்கள் போன் போட்டுத் திட்ட, வாடிக்கையாளர் அழைப்பை எடுப்பது கணவனின் பொறுப்பு என்பதால் அத்தனையும் அவன் காதில் விழுந்தது. சீட்டு வாங்கினவன் வாசலில் நிற்கிறான், வாங்காதவன் உள்ளே கால் நீட்டிப் படுத்திருக்கிறான் என்று அவன் புலம்பிப் புலம்பி அந்தப் பூட்டை எடுக்க வைத்தான்.

எடுத்தாள். எடுத்த கையோடு அவனிடம் சொல்லாமல் வேறொன்றை வைத்தாள். முறையான செயலிக் கடையிலிருந்து இறங்காத பிரதி என்றால், முதல் பத்து உடுப்புவரை ஒழுங்காகக் கோடு போடும். பதினொன்றிலிருந்து கையின் மேல்சுற்றில் ஒரு இஞ்சு குறைத்துவிடும். நாலு சட்டை வீணானால் திருட்டுப் பிரதி லாயக்கில்லை என்று வெறுத்துப்போய்த் தானாக வாங்க வருவார்கள் என்பது அவள் கணக்கு. வைத்து ஒரு மாதம் ஆகிறது. இன்று விடிகாலை மடிக்கணினியில் எதையோ தேடப்போய் அவன் கண்ணில் பட்டுவிட்டது.

வாங்கினவர் யாராவது இதில் சிக்கினால் என்ன செய்வாய் என்று அவன் கேட்டான். சிக்கவே முடியாது, வாங்கினவர் எல்லோரும் செயலிக் கடை வழியாகத்தானே வந்திருக்கிறார்கள், அந்த ஒரு இஞ்சு அவர்களைத் தொடாது என்று அவள் நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டிலிருந்து அண்ணி வந்தாள். கணவனின் அக்கா. வீட்டிலேயே துணி தைப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்க, இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்க வந்தவள், காதில் விழுந்த கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன, அந்த ஒரு இஞ்சு விஷயமா?”

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினாள். தையல்காரர்கள் நானூறு பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அவளும் இருக்கிறாள். எல்லோரிடமும் இருப்பது காப்பி அடித்ததுதான். கைக்கு மட்டும் ஒரு இஞ்சு கூட்டிப் போடுங்கள் என்று யாரோ எழுதி மூன்று வாரம் ஆகிறது. அன்று முதல் ஒரு குறையும் இல்லை. அருமையான செயலி என்று நற்சான்றிதழும் கொடுத்தாள்.

உங்களிடமும் காப்பியா அண்ணி, என்று அவள் கேட்டாள்.

“உன்கிட்ட கேட்டா நீ சும்மா குடுத்துடுவ. சொந்தத்துல சும்மா வாங்கறது எனக்குக் கூச்சமா இருக்கும்மா. அதான் செல்போன் கடைக்காரன்கிட்ட பாதி விலை குடுத்து வாங்கிட்டேன்.”

கணவன் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். சிரிக்கிறானா என்று அவள் பார்ப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் தையல்காரம்மா. இந்தச் செயலியை முதன்முதலாக வாங்கியவள். வாங்கியதோடு நிற்காமல், தெரிந்தவர்களையெல்லாம் காசு கொடுத்தே வாங்குங்கள் என்று விரட்டி வாங்க வைத்தவள். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையிலிருந்த மூட்டையை மேசையில் அவிழ்த்தாள். வெள்ளைக் கோட்டுகள், முப்பத்து நாலு. ஓர் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்குத் தைத்துக் கொடுத்து, அப்படியே திரும்பி வந்தவை. கையை மேலே தூக்கினால் இறுக்கிப் பிடிக்கிறது, மருந்துப் பாட்டிலை மாட்ட முடியவில்லை என்றார்களாம். பிரித்துவிடலாம் என்றால் உள்ளே துணி விடவில்லை.

போன மாதம் மகள் புது போன் வாங்கிக் கொடுத்தாளாம். பழையதில் இருந்த அத்தனையையும் போன் கடைக்காரனே ஒரு போனிலிருந்து மறு போனுக்கு மாற்றிக் கொடுத்தான். செயலியும் அப்படியே வந்துவிட்டது, மறுபடி இறக்க வேண்டிய வேலையே இல்லை என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அதில் போட்டுத் தைத்த முதல் பத்து ரவிக்கைக்கும் ஒரு குறையும் இல்லையாம்.

செயலி செய்தவளுக்கு அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது. செயலிக் கடை வழியாக இறங்காத பிரதி; திருட்டு என்றே எண்ணி ஒரு இஞ்சைக் குறைத்திருக்கிறது. கணவனைப் பார்க்காமலிருக்க ஒரு கோட்டை எடுத்து விரித்தாள். தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

தையல்காரம்மா நிறுத்தவில்லை. முதலில் நாடாதான் இழுத்துப்போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கினாளாம். நர்ஸுகளை இரண்டாம் தடவை நிற்க வைத்து அளவெடுத்தாள். அந்த அளவில் இன்னொன்று தைத்துப் பார்த்தும் கை இறுக்கவே, கண்தான் போய்விட்டது என்று டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். உன் செயலி தப்புப் பண்ணாதென்று தெரியும், நான் அளவைத் தப்பாகப் போடுகிறேனா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல், என்றாள்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க ஒரு இஞ்சு கூட்டிப் போடலையா? நாங்க எல்லாரும் அப்படித்தானே போடறோம்.”

“நாங்கன்னா?”

“குழுவுல இருக்கறவங்க. காப்பி வச்சிருக்கோமே, நாங்க.”

தையல்காரம்மா புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுகளின் மேல் வைத்தாள். அண்ணியை ஒரு முறை பார்த்தாள். பிறகு மடிக்கணினியின் பக்கம் திரும்பினாள்.

“அவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. காசு குடுத்து வாங்கின எனக்கு மட்டும் ஏம்மா நீ சொல்லல?”