வெள்ளியில் வந்த திருநாள்

காலை ஒன்பதே காலுக்குக் கறி கொதித்தது. அதே நேரத்தில் மாமியார் சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்குள் வந்தார்.

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் முக்காட்டை இழுத்தவர், பாதியில் நின்றார்.

"என்ன வேகுது?"

"கறி, அத்தை."

"என்ன கறி?"

"ஆட்டுக்கறி. உருளைக்கிழங்கு போட்டிருக்கேன்."

மாமியார் சமையலறை வாசல் வரை வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"இன்னைக்கு என்ன கிழமை?"

மருமகளுக்குக் கேள்வி பிடிபடவில்லை. கிழமை தெரியாமலா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லீவு சொன்னாள்? இன்று சூசையப்பர் திருநாள். தச்சு வேலை செய்கிறவர்களுக்கு அவர்தான் காவல். கணவனின் பட்டறை இன்று பூட்டிக் கிடக்கும். ஆட்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் சமைக்கிறவர் மாமியார். இந்த வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். திங்கட்கிழமை மருமகளைக் கூப்பிட்டு, "நீயே பண்ணிடு. எப்பவும் போல" என்றார். எப்பவும் போல என்றால் கறி என்று கணவன் சொன்னான். நேற்று வாங்கியும் வந்தான்.

"வெள்ளி" என்றாள்.

"என்ன காலம்?"

"தவக்காலம்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. தவக்காலத்து வெள்ளியில் கறி கூடாது. சுத்தபோசனம். ஞானஸ்நான வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். திருநாள் திருநாள் என்று ஓடியதில் கிழமை கழன்று விழுந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்பவும் போலன்னு சொன்னீங்க."

"வெள்ளியில வந்தா இந்த வீட்டுல பயறுதான். அதுதான் எப்பவும்."

"நான் வந்ததுக்கு அப்புறம் வெள்ளியில வரவே இல்லையே, அத்தை."

"அதுவும் சரிதான்." மாமியார் யோசித்தார். "ஆனா வெள்ளிக்கிழமை கறி வெச்ச பொண்ணுக்கு ஞானத்தாயா போய் நின்னா, பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க? பார்ப்போம்."

அந்த வீட்டில் 'பார்ப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

ஈஸ்டருக்கு முந்தைய இரவு அவளுக்கு ஞானஸ்நானம். பின்னால் நிற்க ஒரு ஆள் வேண்டும். பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகி மூன்று வருஷம் ஆகிறது. மாமியாரிடம்தான் கேட்டிருந்தாள். அவரும் அதற்கென்று ஒரு வெள்ளைப் புடவை எடுத்து வைத்திருந்தார்.

கணவன் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தான். இரண்டு முகத்தையும் பார்த்தான்.

"யார் செத்தா?"

"தவக்காலத்து வெள்ளியில கறி வாங்கியிருக்கே. மரத்தூள் மூளைக்குள்ள போயிடுச்சா?" என்றார் அம்மா.

"திருநாளும்மா இன்னைக்கு."

"வெள்ளியும்தான்."

"அதை விட இது பெருசு."

"யார் சொன்னா?"

அவன் அடுப்பை அணைத்தான். பிறகு திரும்பப் பற்றவைத்தான். மருமகள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மூன்றாவது ஆளைத்தான் கேட்க வேண்டும்.

பங்குச் சாமியார் எடுத்தார். வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தார்.

"பெருவிழாம்மா இது. பெருவிழா வெள்ளியில வந்தா சுத்தபோசனம் கிடையாது. தாராளமா சாப்பிடுங்க."

"இது புதுசா, ஃபாதர்?"

"புதுசெல்லாம் இல்ல. ரொம்ப வருஷமா இப்படித்தான். யாரும் வந்து கேக்குறதில்ல, அவ்வளவுதான். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்க."

உள்ளே வந்து சொன்னாள். "சாப்பிடலாமாம், அத்தை. பெருவிழாவாம்."

மாமியாருக்குக் கோபம் தணியும், அல்லது ஏறும் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிடலாமாமா?"

"ஆமா, அத்தை."

"நல்லாக் கேட்டியா? வெள்ளியிலயே சாப்பிடலாமாமா?"

"ஆமா."

கணவன் சிரித்தான். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு சொல்வாங்க. இங்க பூசாரியே கொடுத்துட்டாரு. அம்மா விடமாட்டேங்குறாங்க."

அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு அடுப்புல பயறையும் வை" என்றார்.

பயறு வைத்தாள். குக்கர் கத்தியது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தடை இருந்தபோது கறி வெந்தது, தப்பு. தடை இல்லை என்று தெரிந்த பிறகு பயறு எதற்கு? பயறு சரியென்றால் சாமியார் சொன்னது என்ன? கிழமை பார்த்துச் சமைப்பதா, திருநாள் பார்த்தா, மாமியார் முகம் பார்த்தா? பரிசோதனைக் கூடத்தில் ஒரு துளி ரத்தத்துக்கு ஒரு எண் வரும். சரி, தப்பு அதில் தெரிந்துவிடும். இங்கே இரண்டு சட்டியிலும் உப்பு பார்த்தாள். இரண்டிலும் சரியாக இருந்தது.

மதியம் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் பாலீஷ்காரர், மாமனார் காலத்து ஆள்; செத்துப்போன மாமனாரை இன்னும் மேஸ்திரி என்றுதான் சொல்வார். இன்னொருவன் இழைப்பு மெஷின் ஓட்டுகிறவன். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு மௌனசாமி என்று பேர்.

மேசை நடுவில் சூசையப்பர் படம், ஒரு மெழுகுவர்த்தி. மாமியார் செபம் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். மகன் எடுத்துக்கொடுத்து முடித்தான்.

"நான் உங்க வேதம் இல்ல. ஆனா இவர் நம்ம தொழில்" என்று படத்தைக் கும்பிட்டார் பாலீஷ்காரர். "உளி பிடிச்ச கை. பாலீஷ் மட்டும் பழகாம போயிட்டார்."

மாமியார் இடது கையாலேயே பரிமாறினார். கறியைத்தான் முதலில் வைத்தார், எல்லாருக்கும் அள்ளி அள்ளி. மௌனசாமி கை காட்டித் தடுத்தும் விடவில்லை. பிறகு பயறு வந்தது.

"அட, பயறு!" என்றார் பாலீஷ்காரர். "ஞாபகம் இருக்கா, அண்ணி? மேஸ்திரியோட கடைசித் திருநாள். அதுவும் வெள்ளிதான். கறி வேணும்னு காலையில இருந்து உங்க பின்னாடியே சுத்தினாரு மனுஷன். நீங்க அசையல. பயறுதான் வெச்சீங்க. பட்டறையில வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அடுத்த வருஷம் சனிக்கிழமை வருது, அன்னைக்கு ரெண்டு மடங்கா தின்னு கணக்கை முடிக்கிறேன்னு."

"முடிச்சாரா?" என்றான் மௌனசாமி.

பாலீஷ்காரர் தட்டைப் பார்த்தார். "அடுத்த வருஷம் ஏதுடா? அந்த வருஷ மழைக்கே போயிட்டாரே." ஒரு வாய் பயறு எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு, அண்ணி. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்தது."

மாமியார் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தார். அது ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருந்தது.

மருமகள் தண்ணீர் ஊற்றப் போய் மேசையில் ஊற்றினாள். சாமியார் மென்றுகொண்டே சொன்ன இரண்டாவது பாதி அவளுக்கு இப்போது திரும்பக் கேட்டது. ரொம்ப வருஷமா இப்படித்தான். அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்தது. மௌனசாமி பேசிக்கொண்டே படி இறங்கினான். கணவன் சாமியாருக்கு ஒரு கிண்ணம் கறியை மூடி எடுத்துக்கொண்டு போனான். சாப்பிடாதவர்கள் இரண்டு பெண்கள்தான். மருமகள் இரண்டு தட்டை எடுத்து வைத்தாள். எதில் எதை வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

மாமியார் வந்தார். காலையில் நின்ற வாசலைத் தாண்டி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வை."

"எதை வைக்க, அத்தை?"

"கறியை."

வைத்தாள். மாமியார் இடது கையில் ஒரு துண்டை எடுத்தார். பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. திரும்பத் தட்டில் வைத்தார்.

"நல்லா வெந்திருக்கு. அவருக்கு இப்படித்தான் வேணும், எலும்பை விட்டுக் கழலணும்."

"ம்."

"ஈஸ்டருக்கு நான் நிக்கிறேன். தோள்ல வலது கையை வைக்கணுமாமே. கட்டுப் பிரிக்கலேன்னா இடது கை செல்லுமான்னு ஃபாதரைக் கேளு."

"கேக்குறேன், அத்தை." அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அவள் வேண்டியது இதுதான். கையில் கிடைத்துவிட்டது. ஆனால் மாமியார் இன்னும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞானத்தாய்கிட்ட பொய் சொல்லக்கூடாதுன்னு வகுப்புல சொன்னாங்களா?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

"நல்ல வகுப்புதான்."

மாமியார் அந்தத் துண்டை விரலால் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு நடுவுக்குக் கொண்டுவந்தார். தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தார்.

"ஃபாதர் வேற என்ன சொன்னார், சொல்லு. இந்தச் சட்டம் இப்பதான் வந்ததா, இல்ல... அன்னைக்கு உங்க மாமா கறி கேட்டப்பவே இருந்துச்சா?"