புதுப் பவளம் பழகும்வரை

அவள் கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கூரியர்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி.

"சார் இருக்காரா? கையெழுத்து வேணும்."

"இல்ல," என்று மட்டும் சொல்லி அவளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டியில் வருவார். இப்போது மணி பன்னிரண்டு. எல்லாம் முடிந்ததும் சாயந்திர ரயிலில் கிளம்பிவிட வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் தனக்கு இனி என்ன வேலை என்று வரும்போதே நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

சித்தி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பவளம். உங்கப்பா தொட்டிக்குச் சொல்லி வெச்சது. நேத்தே வந்திருக்கணும்."

"இன்னிக்குப் போயி இதெல்லாம் யாரு பாக்குறது?"

"விட்டா செத்துரும்," என்றாள் சித்தி. சொன்ன பிறகு இரண்டு பேருமே தரையைப் பார்த்தார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்கு உப்புத்தண்ணி என்று பெயர். பகலெல்லாம் ஊரை ஏற்றி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கடல்தண்ணீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் அந்த நாலடிக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அம்மா இறந்த வருஷம், சித்தியைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால், அப்பா வாங்கிய தொட்டி. அப்போது அவளுக்குப் பத்து வயது. புதுப் பவளம் வந்தால் சொட்டு எண்ணுவது அவள் வேலை.

பெட்டிக்குள் இருந்த தண்ணீர்ப் பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டாள். பிறகு பவளத்தை அந்தத் தண்ணீரோடு வாளியில் இறக்கினாள். சித்தி எங்கிருந்தோ மெல்லிய குழாயை எடுத்து வந்தாள். புதுத் தண்ணீர் மெல்லப் பழகட்டும் என்று, தொட்டித் தண்ணீர் நொடிக்கு இரண்டு சொட்டு வாளியில் விழும்படி அவள் குழாயில் முடிச்சுப் போட்டாள். பத்து வயதில் பழகிய கை மறக்கவில்லை. வாளிக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அத்தை வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எழவு வீட்டுல மீன் தொட்டியக் கட்டிக்கிட்டு அழறீங்களேடி!"

பூச்சி போக மருந்துத் தண்ணீரில் முக்கி அலசிய பிறகு, பவளத்தைத் தொட்டியின் நடுப்பாறையில் வைக்க அவள் கையை விட்டாள்.

"அங்க வேணாம்," என்றாள் சித்தி. "கீழ, நிழல்ல வை. உங்கப்பா வாரத்துக்கு ஒரு படியா மேல ஏத்துவாரு. வந்த அன்னிக்கு விளக்கும் போடக்கூடாது. எனக்கு இடந்தான் தெரியும், கை எட்டாது."

தோள் வரை நனைய அவள் அடியில் வைத்தாள். பச்சைப் பவளம் மூடிய மொட்டு மாதிரி சுருங்கிக் கிடந்தது. சித்தி தொட்டி விளக்கை அணைத்தாள்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கும் இதையேதான் சொன்னாரு."

"பவளத்தப் பத்தியா?"

"உன்னப் பத்தி. கிட்டப் போகாத, கொஞ்சுறேன்னு கைய வெக்காத, அதுவா விரியட்டும்னாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்த நாட்களில் அறை வாசலில் வைத்துவிட்டுப் போன பால் டம்ளர். விடுதிக்குக் கிளம்பிய காலையில் கட்டில்மேல் மடித்து வைத்திருந்த துணிகள். வைத்த ஆளை மட்டும் காணவே காணோம். சித்திக்குக் கல்நெஞ்சு என்று தோழிகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

"எத்தன நாளைக்குன்னு சொன்னாரு?"

"அத அவரு சொல்லல. நானும் கேக்கல." சித்தி வாளியைப் பார்த்தபடி சொன்னாள். "பதினாறு வருஷம் ஓடிப்போச்சு."

பவளத்துக்கு வாரக்கணக்கு வைத்திருந்த மனுஷன், இதற்கு வைக்க மறந்துவிட்டார். அவளுக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாளாக வராத அழுகை அதன் பின்னாலேயே வந்தது.

சித்தி எழுந்தாள். தொட்டி ஓரத்தில் தொங்கிய அப்பாவின் பழைய துண்டை எடுத்தாள். சற்று நின்றாள். பிறகு அவளுடைய ஈரக் கையைப் பிடித்து, தோளிலிருந்து இறங்கி ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

வாசலில் அத்தையின் குரல் கேட்டது. "வண்டி வந்துடுச்சு!"

"வர்றோம்," என்றாள் சித்தி.

அவள் தன் மற்றொரு கையையும் சித்தியிடம் நீட்டினாள். அது அவ்வளவாக நனைந்திருக்கவில்லை.