இரண்டு பூட்ஸ் கிழவர்கள்

டி.வி. கேமில் தன் ஆளைத் தேர்ந்தெடுக்க மச்சினன் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். நான் எப்போதோ தயார். கன்ட்ரோலரில் வலப்பக்கம் மூன்று அழுத்து, கீழே ஒன்று. அங்கேதான் என் பூட்ஸ் கிழவன் நிற்பான்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கண் தெரியாதவனுக்கு டி.வி. கேம் எதற்கு என்று கடைக்காரர்கூட விற்கத் தயங்கினார். எங்களுக்கென்று தனியாகச் செய்த விளையாட்டு இல்லை, ஊர் உலகமே ஆடுகிற அதே சண்டைதான். ஆனால் அதைச் செய்தவர்கள் சத்தத்தில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. இடது பக்க ஆள் இடது ஸ்பீக்கரில் நடப்பான், வலது பக்க ஆள் வலது ஸ்பீக்கரில். குத்துக்கு ஒரு மூச்சு, உதைக்கு வேறு மூச்சு. பகல் முழுக்க ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, ஒரு 'ஹலோ'விலேயே எந்த டாக்டர், யார் மேல் எரிச்சலில் இருக்கிறார் என்று பிரித்துவிடுகிற காதுக்கு இது போதும்.

மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்பது என் மனைவி போட்ட சட்டம். யார் தோற்றாலும் அவளுக்கு லாபம்.

ஆரம்பத்தில் ஐந்து வாரம் தொடர்ந்து ஜெயித்து, தலைகால் புரியாமல் திரிந்தேன். ஆறாவது வாரம்தான் உறைத்தது. என் கிழவன் கையை ஓங்கும்போதெல்லாம் மச்சினனுடைய ராட்சசன் அசையாமல் நின்று அடி வாங்கிக்கொண்டிருந்தான். விட்டுக்கொடுத்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரத்தையெல்லாம் நானே தேய்த்தேன். "பாவம் பார்க்கணும்னா வேற யாரையாவது பாருடா" என்றேன். இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்றான். அதற்குப் பிறகும் எட்டு மாதமாக நானேதான் ஜெயித்தேன். உண்மையில் ஜெயிக்கிறேனா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மாமா." குரலில் ஒரு நமட்டுச் சிரிப்பு.

மணி அடித்தது. இடது ஸ்பீக்கரில் பூட்ஸ் சத்தம். வலது ஸ்பீக்கரிலும் அதே பூட்ஸ், அதே இருமல். சரி, நான் இடது என்று நினைத்துக்கொண்டு முன்னேறினேன். இருவரும் கட்டிப் பிடித்து உருண்டோம். யார் யாரைத் தூக்கிப் போட்டது? எழுந்தபோது எந்தக் கிழவன் நான்? நான் காற்றை வெளுத்துக்கொண்டிருக்க, அவன் பின்னாலிருந்து சாவகாசமாக உதைத்தான்.

"டேய், என் ஆளையே எடுத்துட்டியா?"

"ஆமா மாமா."

"இது எப்படா தோணுச்சு?"

"ஒரு வாரமா இதே யோசனைதான். லிஃப்ட் குழியில நிக்கிறப்பகூட. வீட்ல கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடிப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஒரே ஆளா இருந்தா ஒண்ணுமே புரியல."

"வெக்கமா இல்லையாடா உனக்கு?" என்றாள் என் மனைவி. "அவருகிட்டப் போய் இப்படிப் பண்றே."

அவன் சோபாவில் நெளிந்தான். "வேற ஆள் எடுக்கவா மாமா?"

"எடுத்தே, அடுத்த வாரம் உனக்குச் சோறு கிடையாது" என்றேன் நான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னை ஒழித்துக்கட்ட ஒருவன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்திருக்கிறான். அப்படியானால் அந்த எட்டு மாதமும் நிஜம். என் ஆயுளில் இத்தனை சந்தோஷமாக நான் உதை வாங்கியதில்லை. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி.

குழாயைத் திறந்து தேய்க்க ஆரம்பித்தேன். முன்னறையில் அவன் ஆசை அடங்காமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். "சத்தத்தைக் குறைடா, காது கிழியுது" என்று அக்காக்காரி அதட்டினாள். குறைத்தான்.

அப்போதுதான் கேட்டது. டக். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்துகிற டக். அதன் பிறகு டி.வி.க்குள் யாரோ யாரையோ தூக்கிப் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து சோபா ஸ்பிரிங் கிறீச்சிட்டது, ஒரு கிழவன் எகிறிக் குதித்தான். இத்தனை நாள் ஸ்பீக்கரை அலறவிட்டு ஆடியதில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளின் விரல் சத்தம் என் காதில் விழவே இல்லை.

குழாயை மூடினேன்.

"என்னங்க, தண்ணி வரலையா?"

"வருது, வருது."

அடுத்த ஞாயிறு ஸ்பீக்கரைக் குறைத்து வைத்துத்தான் ஆட வேண்டும் என்று தட்டைப் பிடித்தபடியே நின்றேன். சோப்பு நுரை முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. முன்னறையில் மறுபடி ஒரு டக், உடனே ஒரு கிழவன் தொப்பென்று விழுந்தான்.