பாலம் தாண்டினால் வரும் முனகல்

ஈஸ்டர் கழிந்த வாரம்தான் ரோசிலியின் ஜீப் முனக ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது ஒன்றுமில்லை. பாலம் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகும் சமதளத்தில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் அடியிலிருந்து உறுமல் கிளம்பும், இருக்கை நடுங்கும். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும்.

அவள் கணவன் பைலி மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிறகு, அவனுடைய இடதுகால் கிளட்சை மிதிக்க மறுத்துவிட்டது. அன்று முதல் ஓட்டுவது அவள், பழுது பார்ப்பது அவன். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட்டதில்லை.

முனகலைக் கேட்ட மாத்திரத்தில் பைலி தீர்ப்புச் சொல்லிவிட்டான். தார் ரோட்டில் நாலு சக்கரத்துக்கும் இழுவை போட்டு ஓட்டியிருப்பாள், கியர்பாக்ஸ் தேய்ந்துபோயிருக்கும் என்றான். அப்படி ஓட்டவே இல்லை என்றாள் அவள். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் ஆறிப்போகும்வரை வாக்குவாதம் நீண்டது. கடைசியில் நாற்சந்தியில் பட்டறை வைத்திருக்கும் குட்டப்பன் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தான். பற்கள் சுத்தமாக இருந்தன. எண்ணெயில் இரும்புத்தூள்கூட இல்லை. மூடி ஏற்றினான். மறுநாள் பாலம் தாண்டியதும் அதே முனகல்.

பைலிக்கு அலுத்துவிட்டது. பழைய வண்டியை உடைத்து விற்கும் கட்டப்பனைக்காரன் ஒருவனை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வரச் சொல்லிவிட்டான்.

ரோசிலிக்கு அது பொறுக்கவில்லை. மழை இறங்கிவிட்டால் மலைமேல் இருக்கும் மேல்குடிக்கு ஏறக்கூடிய வண்டி அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். பிரசவ வலியானாலும் பாம்புக்கடியானாலும் ஆட்கள் ஓடிவந்து நிற்பது அவள் முற்றத்தில். என்ன நோயென்றே தெரியாமல் வெட்டுக்குக் கொடுப்பதா என்று அவள் மனம் முறுக்கிக்கொண்டது.

மறுநாள் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியை அந்தச் சமதளத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டினாள். மூன்றாம் கியரில் முனகிய அதே வேகத்தில்தான் நாலாம் கியரிலும் முனகியது. நியூட்ரலில் தள்ளி உருளவிட்டாள்; இன்ஜின் சும்மா முணுமுணுத்துக்கொண்டிருக்க, அடியில் உறுமல் மட்டும் குறையவில்லை. ஆக, இது இன்ஜினோடு சேர்ந்த சத்தமில்லை, சக்கரத்தோடு சேர்ந்தது. கியர்பாக்ஸை வீணாகத்தான் பிரித்திருக்கிறார்கள்.

நேராகப் பட்டறைக்குப் போனாள். கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரங்களுக்கு இழுவை கொண்டுபோகும் இரும்புத் தண்டை, அந்த ஷாஃப்டைக் கழற்றச் சொன்னாள். கழற்றி ஓட்டியபோதும் முனகியது. அதை மாட்டிவிட்டுப் பின்சக்கர ஷாஃப்டைக் கழற்று என்றபோது குட்டப்பன் தலையைச் சொறிந்தான்.

"பின்சக்கரத்துக்கு இழுவையே இருக்காது சேச்சி. முன்சக்கரம் மட்டும் இழுத்துடுமா?"

"இழுக்கலைன்னா நீ இறங்கித் தள்ளு."

இழுத்தது. பாலம் தாண்டி எவ்வளவு அழுத்தியும் காற்றின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்டப்பன் காதைத் தரைப்பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். திரும்பி வந்து பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைக் கையால் சுற்றினார்கள். வெண்ணெய்போலச் சுற்றின, ஆட்டமில்லை, உரசலில்லை. மிச்சம் இருந்தது கழற்றி வைத்த ஷாஃப்ட் ஒன்றுதான்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு துண்டு அது. இரண்டு முனையிலும் கவை போன்ற கொக்கி. நடுவில் செருகும்போது இரண்டு கவையும் ஒரே பக்கம் பார்க்கவேண்டும். அப்போதுதான் ஒன்றின் உதறலை மற்றது அடக்கும். ரோசிலி ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையைப் பார்த்தாள். தூரத்துக் கவை கோணிக்கொண்டு நின்றது. செருகுமிடத்துப் பற்களில் ஒன்றைத் தள்ளிச் செருகியிருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்கவேண்டியிருக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று கிரீஸ் கையோடு உட்கார்ந்து ஷாஃப்டைப் பிரித்துப் புது ஜாயிண்ட் போட்டது பைலி.

சரியாகச் செருகி மாட்டிவிட்டு வாய்மூடி இருந்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஓட்டுவது போன பிறகு இந்த மனுஷனிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கைவேலை ஒன்றுதான். ஆனால் சொல்லாவிட்டால் பழி அவள் ஓட்டத்தின் மேலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டியும் போய்விடும். கூட வந்திருந்த குட்டப்பனைக் கிரீஸ் வாங்கக் கடைக்கு அனுப்பினாள். பிறகு பைலியைக் கூப்பிட்டு ஷாஃப்டை அவன் மடியில் வைத்தாள்.

"இந்த முனையில இருந்து பாருங்க இச்சாயா."

அவன் பார்த்தான். தூக்கி வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தான். கழுத்து சிவந்துவிட்டது.

"குட்டப்பன் மாத்திச் செருகியிருப்பான்" என்றான்.

"அவன் நடுவுல பிரிக்கவே இல்ல. போல்ட்டைக் கழட்டி அப்படியே எடுத்துக் குடுத்தான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்ப நான்தான்னு சொல்ற."

"நீங்கதான். என் ஓட்டத்துல குத்தமில்ல. வண்டியிலயும் குத்தமில்ல."

குட்டப்பன் கிரீஸோடு வந்தபோது பைலி ஷாஃப்டைப் பிரித்து, கவைகளை நேர்ப்படுத்திச் செருகினான். அடுத்த முறை கோணாமலிருக்க உளியை எடுத்து இரண்டு துண்டின் மேலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு வெட்டினான். வண்டிக்கடியில் படுத்து அவனே மாட்டினான். இடுப்பு வலியில் பல்லைக் கடித்தது தெரிந்தும் ரோசிலி உதவிக்குப் போகவில்லை. அன்று இரவு அவன் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கட்டப்பனைக்காரன் வந்து, முற்றத்தில் நின்றுகொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கியர்பாக்ஸ் போன வண்டிதானே என்று கேட்டான். ரோசிலி வாய் திறப்பதற்குள் பைலி ஊன்றுகோலை ஊன்றி முன்னால் வந்தான்.

"கியர்பாக்ஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஷாஃப்டை நான்தான் தப்பா மாட்டியிருந்தேன். இவ கண்டுபிடிச்சா. வண்டி குடுக்கறதுக்கில்ல."

வந்தவன் சிரித்து, ஒரு கட்டன்காப்பி குடித்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலையில் பைலி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ரோசிலி வண்டியை எடுத்தாள். பாலம் தாண்டியதும் அவள் காலை அழுத்தினாள். பின்னால் பெண்கள் ஏலக்காய் விலையைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள்.