ஜே முய்யின் கட்டைவிரல்

மசாஜுக்கு வந்த அந்த ஜெர்மன்காரர், 'ஓகேயா' என்று ஃபாய் கேட்டபோதெல்லாம் 'ஓகே' என்றுதான் சொன்னார். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. முதுகில் முழங்கையை ஊன்றியபோதும் கேட்டாள், இடுப்பின் மேல் மண்டியிட்டபோதும் கேட்டாள். பாயில் முகம் புதைத்தபடி "ஓகே, ஓகே" என்றார். படுப்பதற்கு முன்னால் இடுப்பைத் தொட்டுக் காட்டி "ஸோர்" என்று ஏதோ சொல்லியிருந்தார். 'இங்கே' என்று கை காட்டியது புரிந்தது. அங்கேதான் அமுக்கச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் அந்த இடத்திலேயே இறக்கினாள்.

மறுநாள் காலை அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வில்லாய் வளைந்து வந்து கடை வாசலில் நின்றார். பேசியதெல்லாம் மனைவிதான். ஸோர் என்றாள், பெயின் என்றாள், ஹர்ட் என்றாள். எல்லாம் வலிதான் என்று ஃபாய்க்குத் தெரிந்தது. எது எந்த வலி என்று தெரியவில்லை. அவர் பாவம், மனைவி பேசப்பேச ஃபாயைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் 'ஜே', அதாவது அக்கா, என்று கூப்பிடும் கடைக்காரி ஜே முய் இரண்டு பேரையும் கும்பிட்டு, ஒரு பை லோங்கான் பழம் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே வந்து விசிறியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"உன் கையில குத்தமில்லடி. காதுலதான் குத்தம்" என்றாள். "அவங்க பாஷையில எந்த வலி எந்த வலின்னு பிரிச்சுச் சொல்லக் கத்துக்கிட்டு வா. அதுவரைக்கும் வெள்ளைக்காரங்க பக்கம் போகாத. பின்னால மூலிகை மூட்டையை வேக வை."

"எப்ப வரைக்கும் ஜே?"

"மழை நிக்கறதுக்குள்ள. சீசனுக்கு ஹுவா ஹின்லேர்ந்து ஒரு பொண்ணு வரேன்னு சொல்லியிருக்கா. அவளை நிறுத்தி வச்சிருக்கேன். ரொம்ப நாள் நிறுத்த முடியாது."

தாய்லாந்துக் கடற்கரை ஊரான பிரச்சுவாப்பில் மழை ஐப்பசியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். அதற்குள் முன்வரிசைப் பாய் திரும்பக் கிடைக்க வேண்டும். அந்தப் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தால், கதவிடுக்கு வழியாகக் கடலும் அதில் ஆடும் மீன்படகுகளும் தெரியும். பின்கட்டில் தெரிவதெல்லாம் ஆவிச் சட்டியும் எலுமிச்சைப்புல் கட்டும்தான்.

ஃபாய் ஏற்கெனவே மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். சந்தைக்குப் பின்னால் நகராட்சிப் பள்ளிக்கூடத்தில், குழந்தைகளுக்காகச் செய்த தாழ்வான பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து ஆங்கிலம் படிப்பார்கள். சொல்லிக்கொடுப்பவள் மரிவிக் டீச்சர், பிலிப்பைன்ஸ்காரி. நம் தாய்லாந்துப் பேச்சை நன்றாகவே பேசுவாள். இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல் விட்டுவிட்டு, தானே சிரித்துக்கொள்வாள்.

"இன்னிக்கு என்ன பாடம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

ஃபாய் கையைத் தூக்கினாள். பாதி தூக்கியதும் கேள்வி முட்டாள்தனமோ என்று தோன்றி இறக்கப் பார்த்தாள். அதற்குள் டீச்சர் பார்த்துவிட்டாள்.

"வலி டீச்சர். எத்தனை வலி இருக்கோ அத்தனையும்."

"ஏம்மா, யாரையாவது காதலிக்கிறியா?" என்றார் கம்போன். மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவர். ஆரஞ்சு நிறச் சட்டையைக் கழற்றாமலே வகுப்புக்கு வருவார். வகுப்பே சிரித்தது.

டீச்சர் பலகையில் ஒரு ஆள் படம் வரைந்தாள். தலையிலும் பல்லிலும் வயிற்றிலும் கோடு போட்டு 'ஏக்' என்று எழுதினாள். உள்ளே உட்கார்ந்துகொண்டு விடாமல் குடைகிற வலி அது. தோளைக் காட்டி 'ஸோர்' என்றாள். நேற்று மூட்டை தூக்கியவனுக்கு இன்று தொட்டால் வலிக்குமே, அது. கழுத்தைத் திருப்ப முடியாமல் பிடித்துக்கொண்டால் 'ஸ்டிஃப்'. மரத்துப்போனால் 'நம்'. கடைசியாக 'ஹர்ட்' என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

"இது இப்ப, இந்த நிமிஷம் வலிக்குதுன்னு சொல்றது. ஒருத்தர் இதைச் சொன்னா கையை எடுத்துடணும்."

ஃபாய் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வெட்டினாள். ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் நம் சொல். எழுதி முடித்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. பல்லுக்கும் வயிற்றுக்கும் நாம் புவாத் என்கிறோம், அவர்கள் ஏக் என்கிறார்கள். தொண்டைக்கும் புண்ணுக்கும் நாம் ஜெப், அவர்கள் ஸோர். ஜோடி ஜோடியாகச் செருப்பு மாதிரி பொருந்தி வந்தது. இவ்வளவு லேசாக வந்தால் எங்கோ தப்பு இருக்க வேண்டுமே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள்.

தப்பு இருக்கத்தான் செய்தது. நாளெல்லாம் நின்றவளின் காலில், நெடுநேரம் குனிந்தவளின் இடுப்பில் வருமே முவேய், அந்த உளைச்சல், அதற்கு ஜோடி இல்லை. வலி என்றும் சொல்ல முடியாது, சும்மா விடவும் முடியாது. மசாஜ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள். மறுநாள் டீச்சரைக் கேட்டாள்.

டீச்சர் சுண்ணாம்புக்கட்டியைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தாள். "'டயர்ட்'னு சொல்லலாம். ஆனா அது களைப்பு. முழுசா அது இல்ல."

"அப்ப அவங்களுக்குக் கால் உளையாதா?"

"உளையும். பேர்தான் வைக்கல."

அந்த அட்டையின் ஒரு பக்கம் வெறுமையாகவே இருந்தது. ஃபாய்க்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பழகிப் பார்க்க டீச்சர் எல்லாரையும் ஜோடி சேர்த்தாள். ஒருவர் அமுக்க வேண்டும், மற்றவர் எந்த வலி என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஃபாய்க்குக் கிடைத்தது கம்போனின் தோள். வண்டி ஓட்டி ஓட்டிக் கட்டை மாதிரி இறுகியிருந்தது.

"எப்படியிருக்கு அண்ணே?" என்று வழக்கம்போல நம் பேச்சில் கேட்டுவிட்டாள்.

"சுகமா இருக்கும்மா. உன் கை பொன்னான கை."

கொஞ்சம் கூட்டினாள். "இப்ப?"

"ஆகா. சொர்க்கம்."

"இங்கிலீஷ்ல சொல்லணும்" என்று டீச்சர் தூரத்திலிருந்து கத்தினாள்.

"ஹர்ட்!" என்றார் கம்போன் உடனே. "ஹர்ட், ஹர்ட், ஸ்டாப்!"

ஃபாய் கையை உதறி எடுத்தாள். "இப்பத்தானே அண்ணே சொர்க்கம்னீங்க?"

கம்போன் தோளைத் தேய்த்துக்கொண்டே வெட்கமாகச் சிரித்தார். "நம்ம பாஷையில வலிக்குதுன்னா உன் மனசு நோகும்ல. சின்னப் பொண்ணு, ஆசையா அமுக்குற. ஒரு தாட்சண்யம் வேணாமா? இங்கிலீஷ்ல சொன்னா நான் சொன்ன மாதிரியே இல்ல. வேற யாரோ சொன்ன மாதிரி இருக்கு."

"நீங்க கழுதை மாதிரிதான் கத்தினீங்க" என்றாள் பக்கத்து பெஞ்சில் மீன் விற்கிறவள். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். ஃபாயும் சிரித்தாள். ஆனால் அவர் சொன்னது நெஞ்சில் எங்கோ தைத்து நின்றது. எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

மழை ஓயத் தொடங்கி, வாசலில் கணவாய் மீன் காயப்போட ஆரம்பித்தார்கள். ஒரு திங்கள்கிழமை பகல், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஃபாய் தயங்கித் தயங்கி ஜே முய்யிடம் போனாள்.

"கத்துக்கிட்டேன்னு நினைக்கிறேன் ஜே."

"நினைக்கிறியா, கத்துக்கிட்டியா?"

"அது... தெரியல ஜே."

"உன் டீச்சரை வரச் சொல்லு. காலை ஓசியில பிடிச்சு விடறோம், உக்காந்து சாட்சி சொல்லட்டும்."

மரிவிக் டீச்சர் ஆரஞ்சு நிறத் தேநீரை உறிஞ்சியபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கடையில் மூத்தவளான மாலி அக்கா அவள் காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள். ஃபாய் அட்டைகளை இடுப்பில் செருகிக்கொண்டு முன்வரிசைப் பாயில் மண்டியிட்டாள். ஜே முய் படுக்கப் போகிறாள், தான் அமுக்கப் போகிறோம் என்று நினைத்திருந்தாள்.

"நீ படுடி" என்றாள் ஜே முய்.

"நானா?"

"பின்ன? நான் அமுக்கறேன். எங்க எந்த வலி இருக்குன்னு நீ அவங்க பாஷையில சொல்லு. அனுபவிக்கறவளுக்குத்தானே வலி தெரியும்."

மாலி அக்காவின் கை ஒரு கணம் டீச்சரின் பாதத்தில் அசையாமல் நின்றது. ஜே முய்யின் கட்டைவிரல் ஊரறிந்தது. இந்தக் கடையையே அந்த விரலை வைத்துத்தான் அவள் கட்டினாள். இப்போதெல்லாம் கல்லாவில் உட்காருவதோடு சரி. ஆனாலும் புதிதாக வருகிற ஒவ்வொருத்தியையும் ஒரு தடவை படுக்க வைத்துத் தானே அமுக்கிக் காட்டித்தான் தொழில் தொடங்கி வைப்பாள். எழுந்தவர்கள் எல்லாரும் 'சுகமா இருந்துச்சு ஜே' என்று கும்பிட்டிருக்கிறார்கள். ஃபாயும் கும்பிட்டவள்தான். அன்று இரவு அவளால் சட்டை மாற்ற முடியவில்லை.

குப்புறப் படுத்தாள். கழுத்தில் விரல் இறங்கியது.

"ஸ்டிஃப்" என்றாள்.

"சரி" என்றாள் டீச்சர்.

தோளுக்கு வந்தது. காலையில் மூலிகைச் சட்டி தூக்கிய தோள். "ஸோர்."

"சரி."

கீழ்முதுகில் குடைந்தது. "ஏக்." அதுவும் சரி. பரவாயில்லை, பிழைத்துவிடுவோம் போலிருக்கிறது என்று ஃபாய் கண்ணை மூடினாள். அப்போதுதான் ஜே முய்க்கு உற்சாகம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பாயில் மண்டியிட்டிருக்கிறாள். இடுப்பெலும்பின் ஓரத்தில் கட்டைவிரலை நட்டு, உடம்பின் கனத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்தாள். ஃபாயின் கண்ணில் பூச்சி பறந்தது.

"ஓகேயா?" என்று கேட்டாள் ஜே முய்.

"ஓகே" என்றாள் ஃபாய்.

சொன்னபின்தான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது. பாயில் முகம் புதைந்திருந்தது. பல் கிட்டியிருந்தது. கைகள் பாயின் ஓரத்தைப் பற்றியிருந்தன. அந்த ஜெர்மன்காரரும் இப்படியேதான் பற்றியிருந்தார். இவள் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அவர் ஓகே என்றாரே என்று விட்டுவிட்டாள். அவர் மறுநாள் சிரித்த சங்கடச் சிரிப்பும் ஞாபகம் வந்தது. அவருக்கும் இதுதான். சின்னப் பெண், ஆசையாக அமுக்குகிறாள், மனசு நோகக்கூடாது. தாட்சண்யம் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?

விரல் இன்னும் அழுத்தியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சோறு போடுகிறவள், வயதில் மூத்தவள், இந்த விரலாலேயே பேர் வாங்கியவள். ஓகே என்றே படுத்திருந்தால் முன்வரிசைப் பாய் கிடைத்துவிடும். ஆனால் நாளைக்கு இதே பாயில் இன்னொருவர் ஓகே என்பார், இவள் மறுபடி அமுக்குவாள்.

"இட் ஹர்ட்ஸ்" என்றாள் ஃபாய். குரல் பாய்க்குள் போய்விட்டது. முகத்தைத் திருப்பி இன்னொரு தடவை சொன்னாள். "இட் ஹர்ட்ஸ். ஸாஃப்டர், ப்ளீஸ்."

விரல் நின்றது.

ஜே முய் டீச்சரைப் பார்த்தாள். "அந்த வார்த்தை சரிதானா?"

"ரொம்பச் சரி" என்றாள் டீச்சர்.

"வார்த்தை சரி." ஜே முய் குனிந்து ஃபாயின் முகத்தைப் பார்த்தாள். "விஷயம்?"

இனி ஆங்கிலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. "விஷயமும் சரிதான் ஜே. ரொம்ப வலிக்குது. மன்னிச்சுக்கங்க."

"இத்தனை வருஷமா எல்லாரும் சுகம் சுகம்னுதானேடி சொன்னீங்க!"

மூலையிலிருந்து, டீச்சரின் பாதத்தைக் கையில் ஏந்தியபடி, மாலி அக்கா மெல்லச் சொன்னாள்: "மீ டூ. ஹர்ட்."

டீச்சருக்குத் தேநீர் புரையேறியது. ஜே முய் கையிலிருந்த துண்டைச் சுருட்டி மாலியின் மேல் எறிந்தாள். "நன்றி கெட்டவளுங்களா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் விரலாவது மிஞ்சியிருக்கும்ல!" என்று திட்டத் தொடங்கியவள் பாதியிலேயே சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்க உடம்பு குலுங்கி, பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃபாய் எழுந்து உட்கார்ந்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவளையே பார்த்தாள்.

"ஹுவா ஹின் பொண்ணுக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள் ஜே முய் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாய் உன்னோடது. ஆனா ஒண்ணு. அந்த வெள்ளைக்காரன் ஓகேன்னான் ஓகேன்னான்னு அன்னிக்கு அழுதியே. நீயும் இப்ப ஓகேன்னுதானே சொன்ன?"

"ஆமா ஜே. ஓகேயான்னு கேட்டா ஓகேன்னுதான் வருது. மெதுவாவா, பலமாவான்னு கேட்டா ஏதாவது ஒண்ணைச் சொல்லியாகணும்ல?"

ஜே முய் அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "சரி. இனிமே இந்தக் கடையில யாரும் ஓகேயான்னு கேக்கக் கூடாது" என்று கடைக்கே கேட்கும்படி அறிவித்தாள்.

மறுநாள் மதியம் முன்வரிசைப் பாய்க்கு வெயிலில் சிவந்த ஓர் அம்மாள் வந்தாள். முதுகில் கை வைத்து, "ஸாஃப்டர்? ஸ்ட்ராங்கர்?" என்று ஃபாய் கேட்டாள். "நோ நோ, இட்ஸ் ஃபைன்" என்றாள் அந்த அம்மாள். ஃபாய் கையை எடுக்காமலும் அழுத்தாமலும் காத்திருந்தாள். "வெல்... எ லிட்டில் ஸாஃப்டர்" என்றது பாய்க்குள்ளிருந்து ஒரு குரல். கதவிடுக்கில் மீன்படகு ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பாய்களைச் சுருட்டும்போது ஜே முய் கல்லாவிலிருந்து கூப்பிட்டாள். வலது கையை நீட்டி, கட்டைவிரலின் அடிக்கணுவைக் காட்டினாள். கணு வீங்கித் தடித்திருந்தது. இதற்கு முன் அந்த விரலை யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

"இது எந்த அட்டைடி?"

ஃபாய் அந்த விரலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மெதுவாக நீவினாள். "தொட்டா வலிக்குதா, சும்மா இருக்கும்போதே குடையுதா?"

"ரெண்டும் இல்ல. முவேய். உளையுது."

"அதுக்கு அவங்க பாஷையில அட்டை இல்ல ஜே. தேடிட்டேன்."

"போகுது" என்று ஜே முய் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தாள். "அப்ப நம்ம பாஷையிலயே சொல்லிக்கறேன். இன்னும் கொஞ்சம் மெதுவா."