காலியாக விட்ட கட்டம்

திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்த செவ்வாய்க்கிழமை காலையில், முகத்தில் பாதிச் சோப்பு நுரையோடு தோன் எலியேசர் பராசா நாவிதரின் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஊரே மரியாதையாகத் 'தோன்' போட்டுக் கூப்பிடும் அவர், எழுபத்தொரு வயதில் எந்த நாற்காலியிலிருந்தும் பாதியில் எழுந்தவர் இல்லை.

நாவிதர் வில்ஃப்ரிதோ நீட்டிய கைபேசிதான் காரணம். சாந்தா ருஃபினா ஊர்ச்சபையின் திருவிழா இணையதளம் முந்தின நாள்தான் திறந்திருந்தது. ஆட்டக் குழுக்கள் நாற்பதுக்கும் தனித்தனிப் பக்கம். அதில் பருந்துக் குழுவின் பக்கத்தில், பூத்தலைப்பாகையோடு குழுத் தலைவர் தோன் எலியேசர் நிற்கும் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: நிறுவியவர், அகுஸ்தீன் சல்செதோ.

பருந்துக் குழுவை நிறுவியவர் தோன் எலியேசரின் தாத்தா நிக்கானோர் பராசா. அகுஸ்தீன் சல்செதோ நிறுவியது முதலைக் குழு. ஆற்றின் இந்தக் கரையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

"தாத்தாவை மாத்திட்டீங்களா, தோன் எலியேசர்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் வில்ஃப்ரிதோ.

"கத்தியைக் கீழே வை."

"சவரம் பாதியில இருக்கே."

"இருக்கட்டும். நாளைக்குக் காலையில எல்லாரும் இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க. பராசா வீட்டுப் பேரு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கும். கடைக்கு வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லு."

வில்ஃப்ரிதோவிடம் ஒன்றைச் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் எங்கள் ஊரில் ஒன்றுதான்.

நுரையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது அவர் மனத்தில் இருந்தது சனிக்கிழமைச் சதுக்கம். வியாழன் நண்பகலில் அந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போகும். சனிக்கிழமை, ஊரே கூடி நிற்கையில், அறிவிப்பாளர் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு குழுவின் பெயரையும் நிறுவியவரின் பெயரையும் ஒலிபெருக்கியில் படிப்பார். பருந்துக்குச் சல்செதோ என்று ஒரு தடவை படித்துவிட்டால் போதும். நூறு வருடம் கட்டிக் காத்த பெயர் அரை நிமிடத்தில் போய்விடும்.

இதில் இன்னொரு முள்ளும் இருந்தது. தளத்தைச் செய்தது அவருடைய மருமகள் யாதிரா. பள்ளியில் கணக்கு டீச்சர், கெட்டிக்காரி. ஆனால் பிறந்த வீடு சல்செதோ. அந்த அகுஸ்தீன் அவளுடைய கொள்ளுத்தாத்தா.

யாதிரா சமையலறையில் முட்டை வைத்த அரேப்பா என்ற சோள அடையை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பிறந்த வீட்டுக்கு ஒரு முதலை போதாதா? எங்க பருந்தும் வேணுமா?"

மாமனாரின் ஒரு கன்னத்தில் நரைத்தாடியும் மறு கன்னத்தில் வழவழப்பும் இருப்பதை அவள் பார்த்தாள். சிரிப்பை அடக்க அடுப்பை அணைத்தாள்.

"உக்காருங்க மாமா. தப்பு யாருதுன்னு காட்டறேன்."

மடிக்கணினியை மேசையில் திறந்து வைத்தாள். நாற்பது பக்கத்தை நாற்பது தடவை எழுதவில்லை என்றாள். வார்ப்புரு ஒன்றே ஒன்றுதான். அதில் சுருள் அடைப்புக்குள் சில பெயர்கள் இருந்தன: குழு, வருடம், நிறுவியவர். குழுவுக்கு ஒரு சின்னக் கோப்பு. அதில் உள்ளதை எடுத்து அடைப்புக்குள் வைத்து, நாற்பது பக்கத்தையும் கணினியில் உள்ள கருவியே செய்து அடுக்கிவிடும்.

தோன் எலியேசர் சற்று நேரம் பார்த்தார். "அப்போ இது தலைப்பாகை மாதிரி. உள்ளே எந்தத் தலை போகுதோ அந்த ஆள்."

"அதேதான். இப்ப நீங்க குடுத்த தலையைப் பாருங்க." அவர் கைப்பட நிரப்பிய படிவத்தை எடுத்து வைத்தாள். குழு: பருந்து. வருடம் இருந்தது. தலைவர் பெயர் இரண்டு அடிக்கோட்டோடு இருந்தது. நிறுவியவர் என்ற கட்டம் வெள்ளையாக இருந்தது.

"காலியா விட்டிருக்கீங்க."

"விடாம? என் தாத்தா பேரை நானே எழுதுவேனா?"

இது அகம்பாவம் அல்ல, முறை. காங்கோ என்ற பூத்தலைப்பாகை ஆட்டம் ஆடும் பழைய குழு எதுவும் தன்னை நிறுவியவரின் பெயரைத் தானே சொல்லாது. தெருவில் இரண்டு குழுக்கள் எதிர்ப்பட்டால், வயதில் இளைய குழுவின் தலைவர் முதலில் தொப்பியைக் கழற்றி எதிர்க்குழுவின் முன்னோரைப் பெயர் சொல்லி வணங்குவார். பிறகு மூத்த குழு பதிலுக்கு வணங்கும். தன் முன்னோரைத் தானே சொல்லிக்கொள்பவன், சொல்ல வேறு ஆள் இல்லாதவன்.

"கோப்பு காலியா இருந்தா, எல்லாக் குழுவுக்கும் சேர்த்து வெச்சிருக்கற பொதுக் கோப்புல என்ன இருக்கோ அதைக் கருவி எடுத்துக்கும்" என்றாள் யாதிரா. "பக்கம் எப்படித் தெரியுதுன்னு பார்க்க அதுல ஒரு பேரு போட்டு வெச்சிருந்தேன். கைக்கு வந்தது எங்க கொள்ளுத்தாத்தா பேரு. எடுக்க மறந்துட்டேன். அது என் தப்பு. இப்ப உங்க கோப்புல நிக்கானோர் பராசான்னு போடட்டுமா?"

"எங்க கோப்புல கூடாது. நாங்களே சொன்ன மாதிரி ஆகும்."

"பின்னே?"

அவர் யோசித்தார். மீசையின் நுனியில் காய்ந்திருந்த நுரையை எடுத்துப் போட்டார். "அந்தப் பொதுக் கோப்பு யாருது?"

"ஊருது."

"அதுல போடு. ஊரு சொன்னதா இருக்கட்டும்."

"மாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதுல போட்டா உங்க பக்கத்துக்கு மட்டும் போகாது. காலியா விட்ட எல்லாருக்கும்..."

"காலியா விட்டது அவங்க பாடு. போடு."

யாதிரா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். மாமனார் சொல் தட்டாத மருமகள் என்று பெயர் எடுக்க இதைவிட நல்ல சமயம் வராது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு பெயரை அழித்து ஒரு பெயரை எழுதினாள். பொத்தானை அழுத்தினாள். இரண்டு நொடியில் நாற்பது பக்கமும் புதிதாக வந்து நின்றன. பருந்தின் பக்கத்தில் நிக்கானோர் பராசா ஜம்மென்று இருந்தார். தோன் எலியேசர் மூன்று அரேப்பா சாப்பிட்டுவிட்டு மீதிச் சவரத்துக்குப் போனார்.

புதன்கிழமை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நீள மூக்கு மரிமோண்டா முகமூடிக் குழுவின் தலைவன் யெய்சன், மீன் சந்தையில் சுமை தூக்குபவன், பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"தோன் எலியேசர், ரொம்ப நன்றி."

"எதுக்கு?"

"எங்க குழுவை உங்க தாத்தா ஆரம்பிச்சாராமே. மூணு வருஷத்துக்கு முந்தி."

நிக்கானோர் பராசா கல்லறைக்குப் போய் எழுபது வருடம் ஆகிறது.

"நீ ஏன் காலியா விட்டே?"

"சோம்பேறித்தனம்தான். ஆனா இது நல்லா இருக்கு, அப்படியே விடுங்க. எங்களுக்கும் ஒரு தாத்தா இருக்கட்டும்."

அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். பருந்தையும் சேர்த்துப் பழைய காங்கோக் குழுக்கள் ஏழு. ஏழும் ஒரே முறையைக் காப்பவை. ஏழும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தன. நாளைக்குத் திறந்து பாருங்கள் என்று அவரே சொல்லி அனுப்பியதால் ஒருவர் தவறாமல் திறந்து பார்த்திருந்தார்கள். புலிக் குழுவின் தலைவர், காளைக் குழுவின் தலைவர் எல்லாரும் முற்றத்தில் தொப்பியைக் கழற்றாமல் நின்றார்கள். கழற்றாத தொப்பிக்கு எங்கள் ஊரில் ஒரு பொருள்தான்: உனக்கு வணக்கம் இல்லை.

"நேத்து வரைக்கும் பருந்து கோழிக்குஞ்சைத்தான் தூக்கும்னு நினைச்சேன்" என்றார் புலி. "இப்ப புலியையே தூக்குது."

கடைசியில் முதலை வந்தது. தோன்யா ஒஃபெலினா சல்செதோ, முதலைக் குழுவின் தலைவி, யாதிராவின் அத்தை. குடையை மடக்கி, யாரும் சொல்லாமலே தோன் எலியேசரின் சாய்ந்தாடும் நாற்காலியில் உட்கார்ந்து, ஆடாமல் இருந்தார்.

பருந்தும் முதலையும் தெருவில் எதிர்ப்பட்டு முப்பது வருடம் இருக்கும். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே வருடத்தில் தொடங்கியவை; எது மூத்தது என்று முடிவாகவில்லை, அவ்வளவுதான். முதலில் வணங்குபவர் இளையவர் ஆகிவிடுவார். அதனால் தூரத்தில் முரசுச் சத்தம் கேட்டதுமே இரண்டு குழுக்களும் ஆளுக்கொரு சந்தில் திரும்பிவிடும். தோன் எலியேசரின் மகனுக்கும் தோன்யா ஒஃபெலினாவின் அண்ணன் மகள் யாதிராவுக்கும் கல்யாணம் நடந்தபோதுகூட, இருவரும் மாலை வணக்கம் என்று ஒரே நேரத்தில் சொல்லிச் சமாளித்தார்கள்.

"சம்பந்தி" என்றார் தோன்யா ஒஃபெலினா. "பொண்ணைக் குடுத்தோம். சரி. எங்க தாத்தாவையும் சேர்த்துக் குடுத்ததா எனக்கு ஞாபகம் இல்லை."

நேற்றுக் காலை நாவிதர் கடையில் தனக்கு எப்படி எரிந்தது என்று தோன் எலியேசருக்கு நினைவிருந்தது. அதே எரிச்சலை ஒரே பொத்தானில் ஊருக்கே பரிமாறிவிட்டிருந்தார். தன் தாத்தாவின் பெயரைத் திருடுபோகாமல் காக்கப் போய், தாத்தாவைத் திருடனாக்கியாயிற்று.

"யாதிரா, அந்தப் பொதுக் கோப்புல இருக்கறதை அழி" என்றார், முற்றத்து மேசையில் மடிக்கணினியையும் படிவங்களையும் பரப்பியிருந்த மருமகளிடம்.

"அழிச்சா ஏழு பேருக்கும் காலிதான் மாமா. நாளைக்கு நண்பகல்ல அச்சு. சனிக்கிழமை அறிவிப்பாளர் ஒண்ணும் படிக்க மாட்டார். அவங்கவங்க பேரை அவங்கவங்க எழுதிக் குடுத்துட்டா இப்பவே முடிஞ்சுரும்."

"மாட்டேன்" என்றார் தோன்யா ஒஃபெலினா.

"முடியாது" என்றார் புலி.

காளை தலையை மட்டும் ஆட்டினார். யெய்சன் சுவரோரம் நின்று கொரோசோப் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மட்டும் எல்லாம் இனிப்பாக இருந்தது.

தோன் எலியேசர் மேசையில் இருந்த படிவங்களைப் பார்த்தார். ஏழு வெள்ளைக் கட்டங்கள். நிரப்பத் தெரியாமல் விட்டவை அல்ல. இன்னொருவர் நிரப்புவார் என்று விட்டவை. அப்படியானால் நிரப்ப வேண்டியது யார் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் முதலில் வாய் திறப்பவர் இளையவர் ஆகிவிடுவாரே. பருந்தை இளையதாக்கிய பராசா என்று சொல்வார்கள். அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவர், வாசல், தன் சொந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள். இது தெரு இல்லை.

எழுந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"தெருவுல யாரு முதல்ல வணங்கணும்ங்கறது வேற விஷயம். அதை நான் விட்டுக்குடுக்கலை. என் வீட்டுக்குள்ள வந்தவங்களுக்கு முதல் மரியாதை செய்யறது வீட்டுக்காரன்தான்." நிமிர்ந்து நின்று, அணிவகுப்பில் கூவும் குரலில் சொன்னார்: "முதலைக் குழுவை நிறுவிய அகுஸ்தீன் சல்செதோவுக்குப் பருந்தின் வணக்கம்."

யாதிராவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின.

தோன்யா ஒஃபெலினாவின் நாற்காலி ஒரு தடவை ஆடியது. அவர் மெதுவாக எழுந்து, குடையை இடது கைக்கு மாற்றினார். "பருந்துக் குழுவை நிறுவிய நிக்கானோர் பராசாவுக்கு முதலையின் வணக்கம்." பிறகு தாழ்ந்த குரலில், "வீட்டுக்குள்ள. தெருவுல இல்லை."

"வீட்டுக்குள்ளதான்" என்றார் அவர்.

பிறகு தடை இருக்கவில்லை. புலி காளைக்குச் சொன்னார், காளை புலிக்குச் சொன்னார், ஏழு தலைவர்களும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். யாதிரா வார்ப்புருவில் இன்னொரு அடைப்பைச் சேர்த்தாள்: பெயர் சொன்னவர். இனிமேல் ஒவ்வொரு பக்கத்திலும் நிறுவியவரின் பெயருக்குக் கீழே அதைச் சொன்ன குழுவின் பெயரும் இருக்கும். பொதுக் கோப்பில் அந்த வரியையே எடுத்துவிட்டாள். காலியாக விட்டால் கருவி நின்று, யார் காலி என்று கேட்கும். அப்படியே நின்று கேட்டது: மரிமோண்டா.

"நிக்கானோர் போயிட்டாரா?" என்றான் யெய்சன் வருத்தமாக.

"உன் குழுவை யாருடா ஆரம்பிச்சது?" என்றார் தோன்யா ஒஃபெலினா.

"நானும் என் அக்கா தேய்சியும். அவதான் முகமூடி தைச்சா."

"அப்போ தேய்சி. முதலை சொல்லுது. எழுதும்மா."

பொத்தானை அழுத்தினாள். இரண்டு நொடி. எல்லாரும் யாதிராவின் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்கள். தோன் எலியேசர் தன் பக்கத்தைப் படித்தார், முதலையின் பக்கத்தைப் படித்தார், எதையும் விடாமல் அடிவரைக்கும் போனார். அடியில் ஒரு வரி பாதியில் நின்றது.

"தளம் செய்தவர்னு போட்டிருக்கு. அப்புறம் ஒண்ணும் இல்லையே."

யாதிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது காலிதான் மாமா. என் பேரை நானே எப்படிப் போட்டுக்கறது?"

தோன்யா ஒஃபெலினா வாயைத் திறந்தார். தோன் எலியேசர் கையை உயர்த்தினார்.

"இதை நான் சொல்லணும், சம்பந்தி. எழுது. யாதிரா சல்செதோ." ஒரு கணம் நிறுத்தினார். "பராசா வீட்டு மருமகள்."

"ரெண்டாவது வரி நீளம் மாமா. பக்கத்துல உக்காராது."

"அப்போ எழுத்தைச் சின்னதா போடு" என்றார் தோன் எலியேசர், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே. "எடுக்காதே."