நூற்று இருபத்திரண்டு கிராம்

பிளக்கைப் பிடுங்கியவர் ஃபிரீசர் பெட்டிக்காரர் நிஜாம்தான். வேண்டுமென்று செய்யவில்லை. கோபி டவுனிலிருந்து வேனில் கொண்டுவந்த பெட்டியை முன்னறையில் இறக்கி, நான்கு பேர் சேர்ந்து பாலுசாமியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். வயர் எட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் இருந்தது. அதில் வேறொரு வயர் செருகியிருந்தது. அது எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று எழவு வீட்டில் யாரைக் கேட்பது? உருவிப் போட்டுவிட்டுத் தன் வயரைச் செருகினார்.

பாலுசாமியின் தங்கை குழந்தையம்மாள் அதைக் கவனிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வருகிற பெண்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்து, "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள் எல்லோரிடமும். நாலாவதோ ஐந்தாவதோ ஆளின் தோளுக்கு மேலாகப் பார்த்தபோதுதான், சாமான் அறைக் கதவிடுக்கில் ஐந்து நாளாக இருந்த மஞ்சள் வெளிச்சம் இல்லை என்பது தெரிந்தது.

எழுந்துவிட்டாள்.

"எங்க அம்மணி போற? இரு" என்று கையைப் பிடித்தாள் அடுத்த வீட்டு நஞ்சம்மாள்.

"சித்த இருக்கா. வாரேன்."

சாமான் அறையில், அட்டைப்பெட்டிக்குள் குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக நின்றது. கண் மூடியிருந்தது. மேலே தொங்கிய குண்டு பல்பு அணைந்து ஆறிப்போயிருந்தது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த காலம். சிமெண்டுத் தரையே சில்லிட்டுக் கிடந்தது. குஞ்சை எடுத்துப் பார்த்தாள். கால் இரண்டும் ஐஸ். ஜாக்கெட்டுக்குள் விட்டு மாராப்பை இழுத்து மூடிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"ஏனுங்க, இந்த வயரைப் புடுங்குனது நீங்களுங்களா?"

நிஜாம் பதறி எழுந்தார். "ஆமாங்கம்மா. பெட்டிக்கு பாயிண்ட் வேணுமுங்களே."

"அது கோழிக்குஞ்சுக்குப் போட்ட லைட்டுங்க. சூடு இல்லாட்டி செத்துப்போயிருமுங்க."

அறையில் அழுகை நின்றது. கோயமுத்தூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்த தம்பி சரவணன் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான்: "அக்கா, ஆளுகெல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"அண்ணன் கெடக்கறாரு, நீ கோழிக்குஞ்சுங்கற."

நஞ்சம்மாளும் தலையில் அடித்துக்கொண்டாள். "பொணத்தை வெச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? ஒரு குஞ்சு போனாப் போகுது."

நிஜாம் மட்டும் வெளியே இறங்கினார். மழையில் நனைந்துகொண்டே வேனுக்குப் போய், நீளமான வயருள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துவந்து சமையல்கட்டிலிருந்து இழுத்துக் கொடுத்தார். "தெரியாமப் பண்ணிப்போட்டேனுங்கம்மா" என்றார். பல்பு எரிந்தது. குஞ்சோடு அவள் திரும்பவும் சாமான் அறைக்குள் போனாள்.

பாலுசாமிக்குக் கோழி என்றாலே ஆகாது. மஞ்சள் பாத்தியைக் கிளறிவிடும் என்று கல்லெடுத்து எறிகிற ஆள். முப்பத்தோரு வருஷம் சத்தி ரோட்டில் ஒரு எடைமேடையில் வேலை பார்த்தவர். லாரி ஏறி நின்றால் முள்ளைப் பார்க்காமலேயே எடை சொல்வார் என்று பேர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு இருபத்தேழு வயதில் வந்து நின்ற தங்கையை, ஏன் வந்தாய் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. "சோறு தின்னாச்சா?" என்றுதான் கேட்டார். ஆனால் வாய் பொல்லாதது. நுரையீரல் கெட்டுப் படுத்த பத்து மாதத்தில் அது இன்னும் கெட்டது. டம்ளரை விட்டெறிவார். மூச்சுக் கிடைக்காத கோபத்தையெல்லாம் அவள்மேல் காட்டுவார். அவளும் திருப்பிக் கத்துவாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆக்ஸிஜன் மெஷினோடு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் விலா எலும்பு உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு, சாமி, இந்த மனுசனைக் கூட்டிக்க என்று அவள் வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

அந்தக் குஞ்சுக்கு நோவு என்று முதலில் கண்டுபிடித்தது அவர்தான். கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. படுத்தபடி வாசலைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை.

"அந்த ஓரத்துக் குஞ்சு..." மூச்சு வாங்கிக்கொண்டார். "பொழுதுக்கும் நின்ன எடத்துலயே நிக்குது."

"தூங்குதாட்ட இருக்குதுங்கண்ணா."

"ரெக்கை தொங்குது பாரு. தூக்கமில்லை."

போய்ப் பிடித்தாள். ஓடவே இல்லை, கையில் வந்து உட்கார்ந்தது. மூன்று வாரக் குஞ்சு. கழுத்து நேராகத்தான் இருந்தது. முந்தின வருஷம் கழுத்து முறுக்கி முறுக்கி ஆறு கோழி செத்ததே, அந்த நோவு இல்லை. மூக்கில் சளியில்லை. இரைப்பை வெறும் தோலாகத் தொங்கியது. பின்புறம் ஈரம். ஈரத்தில் குளிர் தாக்கியிருக்கும், மிளகு அரைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றாள்.

"கண்டதையும் போட்டுக் கொன்னுபோடாத. ஒரு வெள்ளைத் தாள்ல விட்டுப் பாரு. என்ன போகுதுன்னு தெரியோணுமல்ல?"

காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப்போட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் விரித்து அதன்மேல் குஞ்சை விட்டாள். இரண்டு பேரும் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால்மணி நேரம் கழித்து, கரண்டி நுனியளவு போயிற்று. சிவப்பு.

"ரத்தம்" என்றார் அண்ணன். கேஸ் பிடிபட்ட போலீஸ்காரர் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

நஞ்சம்மாளைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு, அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். டாக்டரம்மா பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ரிப்போர்ட்டே கையோட கொண்டாந்துட்டீங்களா? ரத்தக் கழிச்சலுங்கம்மா. ஈரத் தரையில வர்றது. இதைத் தனியா எடுத்து வெச்சிருங்க. இந்தப் பொடியைத் தண்ணியில கலந்து அஞ்சு நாளைக்குக் குடுங்க, மத்த குஞ்சுகளுக்குந்தான். கூட்டுல ஈரம் ஆகாது. மரத்தூள் போட்டு அப்பப்ப மாத்துங்க. முக்கியமா சூடு."

"பொழைக்குமுங்களா?"

"சீக்கிரமே பாத்துட்டீங்க. பாக்கலாம்."

அட்டைப்பெட்டி, மரத்தூள், பல்பு எல்லாம் அன்றைக்கே ஏற்பாடாயிற்று. குஞ்சு தானாகத் தண்ணீர் குடிக்கவில்லை. அலகோரம் சொட்டுச் சொட்டாக விட வேண்டியிருந்தது. அண்ணன் படுத்தபடியே மேற்பார்வை செய்தார். "தலையை அண்ணாக்கப் புடிக்காத, பொரை ஏறிரும்." மூச்சுத்திணறல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். தினம் காலையில் சமையல்கட்டுத் தராசில் குஞ்சை எடைபோட்டு வந்து சொல்லச் சொன்னார். முதல் நாள் நூற்று இருபத்தாறு. அடுத்த நாள் நூற்றுப் பத்தொன்பது. அதற்கடுத்த நாள் நூற்றுப் பதினான்கு. அன்று அவர் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காம் நாள் நூற்றுப் பதினெட்டு என்றதும் வாயைத் திறந்து நான்கு கரண்டி வாங்கிக்கொண்டார். அந்த நான்கு நாளும் அவர் எதையும் விட்டெறியவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

சாமான் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு லோகப்பிரியா உள்ளே வந்தாள். சரவணனின் மகள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"அத்தை, அப்பா கூப்புடறாரு. ஜனம் வந்துட்டே இருக்குது."

"கதவைச் சாத்து கண்ணு. மருந்து குடுக்கற நேரம். இதைப் புடி."

லோகப்பிரியா தரையில் உட்கார்ந்து குஞ்சை இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொண்டாள். ஜாக்கெட்டுச் சூட்டில் அதன் கால் வெதுவெதுப்பாகியிருந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. குழந்தையம்மாள் சொட்டு விட்டாள். அலகு இரண்டு முறை தட்டி, விழுங்கியது.

"அத்தை, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் போன் பண்ணுனப்ப பின்னால பெரியப்பா மூச்சு வாங்கறது கேட்டுச்சு. கேக்க முடியாம போனை வெச்சுட்டேன். இன்னிக்கு அப்பா விசயத்தைச் சொன்னப்ப மொதல்ல... மொதல்ல எனக்கு அழுகை வரலீங்க அத்தை."

குழந்தையம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மருந்துக் குழாயில் அடுத்த சொட்டை எடுத்தாள். "தலையைச் சாய்ச்சுப் புடி" என்றாள்.

இரண்டு சொட்டு போன பிறகு அவளே பேச ஆரம்பித்தாள்.

"காலையில ஜன்னல் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தாரு. விடிஞ்சுதான்னு கேட்டாரு. விடிஞ்சுதுன்னேன். எட போடுன்னாரு. அவரு கெடந்த கெடையில எனக்கு உட்டுப்போட்டுப் போக மனசில்லை. போன்னு தாடையை ஆட்டுனாரு. போனேன். இந்தச் சனியன் தராசுல நிக்க மாட்டீங்குது. குதிச்சு அடுப்புக்கடியில ஓடிப்போச்சு. அஞ்சு நாளா நகராதது ஓடுது கண்ணு! எனக்குச் சிரிப்புத் தாங்கலை. தொரத்திட்டு ஓடுறேன், சிரிக்கிறேன். புடிச்சு ஒரு கிண்ணத்துல போட்டு எட பாத்தா நூத்தி இருவத்திரெண்டு. அங்கிருந்தே கத்துனேன். அண்ணா, நூத்தி இருவத்திரெண்டு, ஓடுதுங்கண்ணான்னு. வந்து பாத்தா..."

நிறுத்திக்கொண்டாள். பார்த்தபோது மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு வீடு சத்தமில்லாமல் ஆனது. கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அழுகை அதற்குப் பிறகும் வரவில்லை. அந்த மூச்சுதான் காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது. அண்ணன் போகும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். போனபிறகு அப்படியொரு மூச்சு விட்டேன்.

"எல்லாரும் கேக்கறாங்க, கடைசியா என்ன சொன்னாருன்னு. எட போடுன்னாருன்னா சொல்ல முடியும்?"

"நீங்க கத்துனது பெரியப்பாவுக்குக் கேட்டிருக்குமுங்களா?"

"அதான் தெரியலை."

"கேட்டுச்சு" என்றது ஒரு குரல்.

நஞ்சம்மாள் கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையில் காபி டம்ளர்.

"நான் அப்பத்தான் வாசல்ல நின்ன மழைத்தண்ணியத் தள்ளிட்டிருந்தேன். ஜன்னல்ல அவரு மொகம் தெரிஞ்சுது. நீ போட்ட சத்தம் எங்கூடு வரைக்கும் கேட்டுச்சு. எவடா இவ, காலங்காத்தால நூத்தி இருவத்திரெண்டுங்கறாளேன்னு பாக்கறேன், அவரு தலை அந்தப் பக்கந் திரும்புச்சு. சமையக்கட்டுப் பக்கமா. பொறவு இந்தப் பக்கந் திரும்பலை."

குழந்தையம்மாளுக்கு ஞாபகம் வந்தது. போகும்போது ஜன்னல் பக்கம் இருந்த முகம், வந்தபோது அவளைப் பார்த்து இருந்தது. கண்ணை மூடிவிட்டது அவள் கைதான். அப்போது அது மனதில் பதியவில்லை.

"மெய்யாலுமாக்கா?"

"எழவு ஊட்டுல நின்னு பொய் சொல்லுவனா? குடி, ஆறிப்போகுது."

டம்ளரை வாங்கினாள். பாதி குடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல், தோள் குலுங்காமல், மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக அழுதாள். நஞ்சம்மாள் குஞ்சைக் குனிந்து பார்த்தாள். "இதுக்காடி இத்தனை கூத்து" என்றாள். பிறகு, "மரத்தூள் நனைஞ்சிருக்குது பாரு, மாத்து" என்றாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஆண்கள் எல்லோரும் கூடப் போனார்கள். சரவணன் தோள் கொடுத்தான். தெரு முக்கு வரைக்கும் போய் நின்று, கொட்டுச் சத்தம் வாழைத்தோட்டத்தைத் தாண்டிப் போகிற வரைக்கும் கேட்டுவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். ஃபிரீசர் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த நிஜாம், "குஞ்சு எப்புடி இருக்குதுங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். "குடிச்சுதுங்க" என்றாள்.

வீடு கழுவ வேண்டும். நஞ்சம்மாளும் இன்னும் இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் இறைத்தார்கள். குழந்தையம்மாள் பின்பக்கம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையைத் துண்டில் முடிந்தபடி சாமான் அறைக்கு வந்தாள். புதுத் தாளை விரித்துக் குஞ்சை அதன்மேல் விட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். போயிற்று. குனிந்து பார்த்தாள். பழுப்பு, மேலே கொஞ்சம் வெள்ளை. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

குஞ்சைத் தூக்கிப் பெட்டியில் விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் சாயலாம் என்றுதான்.

நஞ்சம்மாள் வாளியும் சீமாறுமாக முன்னறையை முடித்து, சாமான் அறை வாசலுக்கு வந்தபோது அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை தலைக்குக் கீழே, கால் இரண்டும் நீட்டி. பின்னால் வந்த பெண், "எழுப்பட்டுங்களாக்கா? இந்த ரூமையும் கழுவோணுமல்ல" என்று கேட்டாள்.

நஞ்சம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே புகப் பார்த்த தண்ணீரைச் சீமாற்றால் தடுத்து, சத்தம் வராமல், வாசல் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.